ஓடியாடாத பிள்ளைக்கும் ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) இருக்குமா?

திருப்பூர் அம்மா:
என் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. ஓடமாட்டாள், அடிக்கமாட்டாள், யாருக்கும் தொந்தரவு கிடையாது. ஆனால் கரும்பலகையில் இருப்பதில் பாதிதான் நோட்டுக்கு வருகிறது. ரப்பரும் தண்ணீர் பாட்டிலும் தொலைந்துகொண்டே இருக்கின்றன. ஷூவைப் போடச் சொன்னால் ஒன்றை மாட்டிக்கொண்டு, மற்றதைக் கையில் வைத்தபடி பூனையைப் பார்த்து நிற்கிறாள். “கெட்டிக்காரிதான், மனம்தான் வகுப்பில் இல்லை” என்கிறார் ஆசிரியை. “இவள் அப்பனும் இப்படித்தான் இருந்தான், பிழைக்கவில்லையா?” என்கிறார் மாமியார். மருத்துவரிடம் காட்டலாம் என்றாலே, பிள்ளைக்குப் பட்டம் கட்டப் பார்க்கிறாயா என்று கணவர் கோபப்படுகிறார். ஏடிஹெச்டி துறுதுறுப் பையன்களுக்கு வருவதுதானே? பொறுத்துப் பார்க்கலாமா?

கீரைக்காரர்:
வல்லாரை கொடுங்கள், டிவியை நிறுத்துங்கள். வளர வளரச் சரியாகிவிடும்.

மதுரை சிறப்பாசிரியை:
வல்லாரை துவையலுக்கு நல்லது. அதற்கு மேல் அதன் தலையில் பாரம் ஏற்ற வேண்டாம்.

அம்மா, பெஞ்சின் மேல் ஏறி நிற்கும் பையனைப் பற்றிப் பள்ளி திறந்த மாதமே புகார் வந்துவிடும். உங்கள் மகளைப் போன்றவர்கள் எட்டாம் வகுப்பில், மதிப்பெண் சரிந்த பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். துறுதுறுப்பே இல்லாமல் கவனக்குறைவு மட்டும் மேலோங்கிய வகையும் உண்டு. பெண் பிள்ளைகளிடம் அது கண்ணில் படாமலே போய்விடுகிறது. மாமியார் சொன்னதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். இது குடும்பவழியில் வரக்கூடியது.

அதற்காக நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள். முதலில் கண்ணும் காதும். பலகை மங்கலாகத் தெரிகிற பிள்ளையும் பாதிதான் எழுதும். குறட்டை, இரும்புச்சத்துக் குறைவு, வாசிப்பில் சிக்கல், இவற்றையும் பார்க்க வேண்டும். சில விநாடிகள் வெறித்து நின்று, தொட்டாலும் திரும்பாவிட்டால் அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டுங்கள்.

அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதமாவது நீடித்து, வீட்டிலும் பள்ளியிலும் தெரிய வேண்டும். அதனால்தான் பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று என வினாத்தாள் தருகிறார்கள். ஸ்கேன் எடுத்து ஏடிஹெச்டியைக் கண்டுபிடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் பணத்தை எடுக்காமல் எழுந்து வாருங்கள்.

ஒரு தந்தை:
அரசு மருத்துவமனையில் டிஇஐசி எங்கே என்று கேளுங்கள், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். 18 வயது வரை பார்க்கிறார்கள், கட்டணம் இல்லை. போன உடனே மாத்திரையைத் திணித்துவிடுவார்களோ என்று என் மனைவி பயந்தாள். எங்கள் மகனுக்கு அப்போது ஐந்து வயது. அந்த வயதில் பெற்றோருக்கான பயிற்சிதான் முதலில். ஒரு நேரத்தில் ஒரே வேலை சொல்லக் கற்றோம். பள்ளியில் முன்பெஞ்சு கேட்டு வாங்கினோம். காலை நேரக் கத்தல் பாதியாகக் குறைந்தது, முழுக்க நின்றது என்று சொல்லமாட்டேன்.

திருப்பூர் அம்மா:
நன்றி. ஆசிரியை வினாத்தாளை நிரப்ப மறுத்தால்?

மதுரை சிறப்பாசிரியை:
பெரும்பாலும் மறுப்பதில்லை. வகுப்பு வாசலில் அவசரமாக நீட்டாமல், பள்ளி விட்ட பிறகு உட்கார்ந்து கேளுங்கள். இந்த ஆண்டு நோட்டுகளையும் திருத்திய தேர்வுத்தாள்களையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், மருத்துவர் கேட்பார்.