ஆபீஸை ஏஐ-க்குத் தயார் செய்கிறார்களாம்: உங்கள் இடத்தில் எப்படி?

கணக்குப்புலி:
போன மாதம் எங்களுக்கு ஏஐ பயிற்சி. ஸ்லைடுகளைப் போன வருடமே தயார் செய்து, மேலிடத்தில் ஒப்புதலும் வாங்கி வைத்திருக்கிறார்கள். பயிற்சியாளர் திரையில் ஒரு பட்டனைக் காட்டி "இதை அழுத்துங்கள்" என்கிறார். எல்லாரும் தேடுகிறோம். முன்வரிசை டிரெய்னி பெண் மெதுவாக, "சார், அந்த மெனுவையே எடுத்துட்டாங்க" என்றாள். மனிதர் அசரவில்லை. இல்லாத பட்டனுக்கு இன்னும் மூன்று ஸ்லைடு ஓடியது. சான்றிதழ் வேறு கொடுத்தார்கள்!

ராத்திரி ஷிப்ட்:
உங்களுக்குப் பயிற்சியாவது கிடைத்தது. நாங்கள் மெடிக்கல் கிளெய்ம் பார்க்கிறவர்கள். சாட்ஜிபிடி, ஜெமினி எல்லாவற்றையும் ஐடி டீம் பிளாக் செய்துவிட்டது. கூட வேலை பார்க்கிற ஒருவர் போனை எடுத்து மானிட்டரையே படம் பிடித்தார். நோயாளி பெயர், பாலிசி எண், சர்க்கரை அளவு, எல்லாம் பளிச்சென்று. போனில் ஏஐ சுருக்கம் வந்தது, பார்த்து டைப் அடித்தார், அன்றைய டார்கெட் முடிந்தது. அந்தப் படம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறதோ.

பெருங்குடி பழசு:
@ராத்திரி ஷிப்ட், கிளெய்ம் ஃப்ளோருக்குள் போனை எப்படி விட்டார்கள்? எங்கள் இடத்தில் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் நுழையவே முடியும். சும்மா தடையைக் குறை சொல்லாதீர்கள். 2023-இல் சாம்சங் ஊழியர்கள் சோர்ஸ் கோடையே, அதாவது மென்பொருளின் மூல நிரலையே, சாட்ஜிபிடியில் ஒட்டிய பிறகுதான் அந்தக் கம்பெனி தடை போட்டது.

என் கதை சின்னது. ரீஃபண்ட் விதி மாறியது, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் சப்போர்ட் சாட்பாட்டில் யாரும் மாற்றவில்லை. வாடிக்கையாளர் ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினார், மேனேஜர் முகம் செத்துவிட்டது.

ஏர் கனடா விமானக் கம்பெனி விஷயத்தைப் படியுங்கள். துக்கத்துக்குப் போகிறவர்களுக்கான சலுகைக் கட்டணத்தைப் பயணத்துக்குப் பிறகும் கேட்கலாம் என்று அவர்கள் சாட்பாட் தப்பாகச் சொன்னது. பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்ற வாதத்தை 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் தள்ளிவிட்டு, பணத்தைக் கொடு என்றது. அதனால் விதி மாறிய அன்றே சாட்பாட்டை யார் மாற்றுவது என்று பெயர் போட்டு எழுதி வையுங்கள். 'ஏஐ கமிட்டி' என்று எழுதினால் ஒருவரும் செய்யமாட்டார்கள். கம்பெனி கணக்கிலேயே ஒரு கருவி வாங்கிக் கொடுங்கள், எந்தத் தகவலைப் போடக்கூடாது என்று ஒரே பக்கத்தில் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு பாலிசி எல்லாம் வேலைக்கு ஆகாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள்.

ராத்திரி ஷிப்ட்:
நான் தடையைக் குறை சொல்லவில்லை சார், நடந்ததைச் சொன்னேன். அவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார், லாக்கருக்கு எங்கே போவது? கம்பெனி கணக்கு கேட்டு மெயிலும் போட்டாயிற்று. ஏப்ரல் பட்ஜெட்டில் பார்க்கலாம் என்று பதில்.