சென்னைல லைவ் மியூசிக் முதல்ல எங்க சிக்குச்சு உங்களுக்கு? கதைய எழுதுங்க மக்களே

பஜ்ஜிக்கு வந்தவன்:

நானே ஆரம்பிக்கிறேன். சொந்த ஊர் துறையூர் பக்கம், 2014ல வேலைக்கு வந்தேன், ரூம் திருவான்மியூர்ல. மியூசிக்னா எனக்கு அப்ப டவுன் பஸ்ல ஓடுற பாட்டும் ஹெட்ஃபோனும்தான். டிசம்பர் வந்தா ஆபீஸ்ல ஒரு சீனியர் அகாடமி, சபா, கேன்டீன் காபின்னு பேசிட்டே இருப்பாரு, அது தொடைல தாளம் போடத் தெரிஞ்சவங்க சமாச்சாரம்னு நானே ஒதுங்கிக்கிட்டேன். இன்னொரு டீம் பசங்க பப்புல பேண்ட் வாசிக்கிறாங்க வாடான்னு ஒருநாள் கூட்டிட்டுப் போனாங்க, ஜோடியா வந்தாதான் உள்ளன்னு வாசல்லயே நிறுத்திட்டானுங்க. நாலு தடிப்பசங்க எதிர்ல பொட்டிக்கடைல நின்னு டீ குடிச்சுக்கிட்டே கிட்டார் சத்தத்த ரோட்டுலேந்து கேட்டோம், அதுதான் என் முதல் ராக் கச்சேரி 😂

2016ன்னு ஞாபகம், சனிக்கிழம சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்சுல மொளகா பஜ்ஜி வாங்கிட்டு திரும்புறேன், உடைஞ்ச பாலம் பக்கமா எங்கயோ பறை அடிக்கிறாங்க. ஊர்ல அந்தச் சத்தம் கேட்டா எது எதுக்குன்னு தெரியும், இங்க பீச்சுல என்னாத்துக்குன்னு புரியாம அப்படியே மணல்ல நடந்து போறேன், பாத்தா மீனவக் குப்பத்துக்குள்ள கோயில் பக்கம் மேடை, சீரியல் லைட்டு, சின்னப் பசங்க முன்னாடி மணல்ல படுத்துக்கெடக்குதுங்க. ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவாம், 2015லதான் ஆரம்பிச்சிருக்காங்க, கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா, சுற்றுச்சூழலுக்காகப் போராடுற நித்யானந்த் ஜெயராமன் மாதிரி ஆளுங்க ஊர்க்காரங்களோட சேந்து நடத்துனது, இதெல்லாம் அப்புறமா தெரிஞ்சுக்கிட்டது. பறை முடிஞ்சு அதே மேடைல கர்நாடகக் கச்சேரி. டிக்கெட் கெடையாது, வேட்டி கெடையாது. எனக்கு முன்னாடி ஒரு ஆயா மடியில பேரன தூங்கப்போட்டுட்டு கேட்டுட்டு இருந்துச்சு, நடுவுல என்னப் பாத்து "இன்னா கண்ணு நிக்கிற, குந்து"ன்னுச்சு. குந்துனேன். கைல பஜ்ஜி ஆறிப்போச்சு. ஒரு ராகம் பேரு தெரியாது, ஆனா காத்துல கருவாட்டு வாசனையோட அந்த ஆலாபனைய கேட்டதுலேந்து சத்தம் வர்ற பக்கம் நடந்து போயி பாக்குற பழக்கம் ஒட்டிக்கிச்சு.

உங்களுக்கு எங்க சிக்குச்சு? யூட்யூப் லிங்க் வேணாம், நேர்ல பாத்தத மட்டும் சொல்லுங்க.

வியாசை பையன்:

ப்ரோ நீ தேடிப் போயி பாத்த, எங்களுக்கு அது ஊட்டாண்ட வரும் 😄 வியாசர்பாடில பொறந்தவனுக்கு லைவ் மியூசிக்னா சாவு ஊடுதான். எங்க பெரிப்பா தவறுனப்ப எனக்கு பத்து வயசு, ராத்திரி பத்து மணிக்கு மேல கானா ஆரம்பிச்சாங்க, ஒரு டோலக்கு, ஒரு சட்டி மோளம், ஒருத்தரு புல்புல்தாரான்னு ஒரு கம்பி வாத்தியம் வெச்சினு இருந்தாரு, அத இப்ப பாக்கவே முடியல. பாடுறவரு முன்னாடியே வந்து குடும்பத்துல யார் யாருன்னு பேரு கேட்டுப்பாரு, மூத்த பையன் எங்க வேல செய்றான், பொண்ண எங்க குடுத்துகீது, செத்தவருக்கு என்ன புடிக்கும், எல்லாம். அப்புறம் பாட்டுக்குள்ள அதெல்லாம் ஒண்ணொண்ணா வந்து விழும். பெரிப்பா ஆர்பர்ல மூட்ட தூக்குனது, சம்பள நாள்ல எங்களுக்கு பரோட்டா வாங்கியாந்தது, ஒருக்கா கோச்சினு திருப்பதி ஓடினது. ஓடிப்போன கதைக்கு பெரிம்மா அழுதுனே சிரிச்சாங்க, நான் மறக்கவே மாட்டேன். விடியுற வரைக்கும் ஓடுச்சு, பாடுறவரு சட்டைல நோட்டா குத்தி வெச்சிருந்தாங்க.

ஆனா ஸ்கூல்ல இத சொல்ல மாட்டேன். கானான்னா ரவுடி பாட்டுன்னு ஒரு பேரு இருந்துச்சு இல்ல, எங்கப்பாவே "அவனுங்களோட சேராத"ன்னுவாரு, அவரே பாத்ரூம்ல பாடுவாரு, அது வேற.

அப்புறம் 2018 ஜனவரி, கீழ்ப்பாக்கத்துல ஒரு ஸ்கூல் கிரவுண்டு. டைரக்டர் பா.ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும், மியூசிக் போடுற டென்மாவும் சேந்து தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்னு புது பேண்ட எறக்குறாங்கன்னு ஃப்ரெண்டு இஸ்துனு போனான். மேடைல 19 பேரு. அயோத்திதாசர் சாதியில்லாத் தமிழர்னு சொன்னாரே, அதுலேந்து எடுத்த பேராம். கோட்டு சூட்டு போட்டுனு நிக்கிறாங்க, எங்க தெருவுல லுங்கியோட பாத்த மாதிரி மூஞ்சிங்க எல்லாம் கோட்டு சூட்டுல. டிரம்ஸ், எலக்ட்ரிக் கிட்டார், அது பக்கத்துலயே சட்டி, கட்டமோளம், பறை. இசைவாணி பாட வந்தாங்க பாரு, கானால பொண்ணு பாடி நான் பாத்ததே அன்னிக்குதான் (அந்தம்மா அப்புறம் 2020ல பிபிசி நூறு பெண்கள் லிஸ்ட்டுல வந்தாங்க). இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, அம்பேத்கருன்னு எதையும் பூசி மொழுகாம அடிச்சாங்க. எனக்கு ஆடுறதா அழுவுறதான்னே தெரியல, ஆடினேன். ஊட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னா கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு "கோட்டா போட்டினு இருந்தானுங்க?"ன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் பாத்ரூமுக்கு வெளியவும் பாடுறாரு, தாங்க முடியல 😭

நெல்லைக்காரன்:

மேல ரெண்டு பேரும் நல்லா எழுதிருக்கிய. ஆனா ஒரு விசயம் கேட்டியளா, பேண்டு பேண்டுன்னு நீங்க சொல்லுறத எங்கூர்ல செட்டுன்னு சொல்லுவோம். கோயில் கொடைக்கு, அதான் திருவிழாவுக்கு, நையாண்டி மேளம் எந்த செட்டுன்னுதான் மொதல்ல பேச்சே வரும், சாப்பாடு என்னன்னு அப்புறந்தான். ரெண்டு நாயனம், ரெண்டு தவுலு, பம்பை, உறுமி, தமுக்குன்னு ஏழெட்டு பேரு வந்து எறங்குவாவ, சாமக்கொடைக்கு நடுராத்திரி மேளம் ஏற ஏற சாமியாடுதவருக்கு கண்ணு மாறும் பாருங்க, எந்த ராக் பேண்டுக்காரனும் அதுக்கு முன்னால நிக்க முடியாது. நாயனக்காரர் இளையராசா பாட்டு ஒண்ண இழுப்பாரு, தவுலுக்காரர் வேணும்னே அவர தடுக்கி விடுவாரு, திரும்ப அவரு எந்திச்சு வருவாரு, சனம் சிரிக்கும், இத நாம ஜாஸ்னு பேரு வச்சா டிக்கெட்டு போட்டு விப்பானுவ.

சென்னை வந்து 11 வருசம், இங்க எனக்கு ஒண்ணுமே ஒட்டல, 2023ல சென்னை சங்கமம்னு பொங்கலுக்கு நடக்குற கிராமியக் கலை விழாவ திரும்ப ஆரம்பிச்சாவல்லா (மொதல்ல 2007ல நடந்தது), பொங்கலுக்கு ஊருக்குப் போவ லீவு கெடைக்காம கடுப்புல ஒரு பார்க்குல உக்காந்திருந்தேன், பின்னால தவுலு சத்தம். திரும்பிப் பாக்காமலே இது நம்ம பக்கம்னு தெரிஞ்சு போச்சு. போயி பேசுனா கோயில்பட்டி பக்கத்து செட்டு. "எந்த ஊரு அண்ணாச்சி"ன்னு அவருதான் என்னைய கேட்டாரு. அழுகையே வந்துட்டு. அவ்வளவுதான், வேற கதை இல்ல நமக்கு.

நாலு கம்பி:

மேடைக்கு இந்தப் பக்கத்துக் கதைய நான் சொல்றேன், காலேஜ்லேந்து பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். முதல் செட் கம்பி மவுண்ட் ரோடு மியூஸி மியூசிகல்ல வாங்குனேன், 1842லேந்து இருக்குற கடை, உள்ள போறதுக்கே பயமா இருக்கும், பியானோ எல்லாம் நம்மள மொறைக்கிற மாதிரி நிக்கும். எங்க பேண்டுக்கு அஞ்சு வருஷத்துல மூணு பேரு மாறுச்சு, பேரச் சொல்ல மாட்டேன், மூணுமே கேவலமான இங்கிலீஷ் பேரு.

பப்புல வாசிக்கிறது எப்டின்னா, ஜாம் ரூமுக்கு மணிக்கணக்குல காசு குடுத்து பத்து நாள் பிராக்டிஸ் பண்ணி, ஆம்ப், பெடல் எல்லாம் ஆட்டோல ஏத்திட்டுப் போயி, சவுண்ட் செக்குக்கு ரெண்டு மணி நேரம் காத்துக்கெடந்து, கடைசில மேனேஜர் வந்து சொந்தப் பாட்டு வேணாம் தெரிஞ்ச பாட்டா போடுங்கன்னுவாரு. ஒரு எடத்துல பேசுன காசுக்குப் பதிலா சாப்பாட்டுக் கூப்பன் நீட்டுனாங்க. டிரம்மர் மட்டும் சந்தோஷமா சாப்ட்டான். பத்து மணி ஆனா ஸ்பீக்கர் ஆஃப், அது சட்டம், அதுல தப்பு சொல்ல மாட்டேன், ஆனா கூட்டமே ஒம்பதேகாலுக்குதான் வரும்.

எங்களுக்கு உண்மையா காது குடுத்தது அடையார் அன்வைண்ட் சென்டர். சரக்கு கெடையாது, சின்ன எடம், முன்னாடி உக்காந்திருக்குறதுல பாதி பேரு அடுத்து வாசிக்கப் போற பேண்ட் பசங்க. அதனாலயே பயம், பேஸ் ஒரு நோட்டு தப்புனாலும் நாலு பேரு புருவத்த தூக்குவானுங்க. அங்கதான் முதல் தடவ சொந்தப் பாட்ட வாசிச்சோம், அதுவும் தமிழ்ல. தமிழ்ல எழுதலாம்னு தைரியம் எப்டி வந்துச்சுன்னா கபேர் வாசுகி ஒத்தக் கிட்டார வெச்சுக்கிட்டு சும்மா பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி பாடுறத கேட்டு, அப்புறம் அவரும் டென்மாவும் சேந்து குரங்கன்னு பேண்ட் போட்டப்ப, லா பொங்கல்ங்குற பேண்டுல அந்தோணி தாசன் வாயத் தொறந்தப்ப. அது வரைக்கும் நாங்க சீட்டில் மழையப் பத்தி இங்கிலீஷ்ல பாடிட்டு இருந்தோம் ப்ரோ, சீட்டில் எங்க இருக்குன்னே மேப்ல பாத்ததில்ல, சைதாப்பேட்டைல முழங்கால் தண்ணில ஆம்ப தலைல வெச்சு தூக்கிட்டுப் போன மழைய எழுதல.

மொட்டைமாடி மல்லி:

ஆடி மாசத்த யாருமே சொல்லலையே! எங்க வீடு சைதாப்பேட்டைல அம்மன் கோயில் தெரு, கூழ் ஊத்துற ஞாயித்துக்கிழமை தெருவ அடைச்சு மேடை போட்டு ஆர்கெஸ்ட்ரா, எங்க மொட்டைமாடிதான் விஐபி சீட்டு. கீபோர்டுக்காரர்கிட்டதான் என் கண்ணு போகும், ஒரு ஆளு இடது கைல பேஸு, வலது கைல வயலின் கூட்டம், நடுவுல புல்லாங்குழல்னு மொத்த ரெக்கார்டிங் தியேட்டரையும் ரெண்டு கைல காட்டிடுவாரு. பக்கத்துல ரிதம் பேடுக்காரர். ஆம்பள குரலும் பொம்பள குரலும் ஒருத்தரே பாடுற அண்ணன் ஒருத்தர் வருவாரு, டூயட்டுல இந்தப் பக்கம் திரும்பி ஒண்ணு அந்தப் பக்கம் திரும்பி ஒண்ணு, எங்க பாட்டி ஒவ்வொரு வருஷமும் பொம்பளை எங்கன்னு தேடும்.

ஒரு வருஷம் மேடைல பாடுற அக்கா எங்க வீட்டுக் கதவ தட்டி, கொஞ்சம் பாத்ரூம் போயிட்டு புடவை மாத்திக்கலாமான்னு கேட்டாங்க. மேடைக்குப் பின்னாடி அவங்களுக்கு ஒரு தட்டி கூட கட்டல. ஆம்பளைங்க வேனுக்குப் பின்னாடி ஒதுங்கிக்குவாங்க, இவங்க மத்தியானத்துலேந்து தண்ணியே குடிக்காம இருந்திருக்காங்க. அம்மா கூழும் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் போட்டாங்க. அன்னிலேந்து நான் எங்க கச்சேரி பாக்கப் போனாலும், பெரிய ஹால், மால், பீச்சு எதுவா இருந்தாலும், பாடுற பொண்ணு எங்க புடவை மாத்தியிருக்கும்னு முதல்ல யோசனை ஓடுது, பாட்டு அப்புறம்தான் காதுல ஏறுது. அந்த அக்கா இப்பவும் ஃபோன் பண்ணுவாங்க, ஆடில அஞ்சு ஞாயித்துக்கிழமை வந்தா ரொம்ப குஷியா இருப்பாங்க, ஏன்னா புரட்டாசி வரைக்கும் அந்தக் காசுதான்.

இன்னொண்ணு, பொண்ணுங்க தனியா போறவங்க இருந்தீங்கன்னா கடைசிப் பாட்டுக்கு நிக்காதீங்கன்னு சொல்ல மனசு வரல, ஆனா திரும்பி வர்ற வண்டிய முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க. எனக்கு எத்தனையோ கச்சேரிக்கு கடைசிப் பாட்டு என்னன்னே தெரியாது.

பாண்டி மச்சான்:

சென்னைக்காரங்க ஜூன் 21 பாண்டிக்கு வாங்க. ஃபெத் த லா மியூசிக்னு இசைத் திருவிழா, 1982ல பிரான்ஸ்ல ஆரம்பிச்சது, இங்க பிரெஞ்சு சொல்லித்தர்ற அலியான்ஸ் பிரான்சேஸ் நடத்துறாங்க. டிக்கெட் இல்ல. நான் ஒரு வருஷம் டியூஷன்லேந்து வர்ற வழில சைக்கிள நிறுத்துனவன், ஆரோவில் பசங்க டிரம்ஸ் அடிச்சாங்க, வீட்ல தேடிட்டு அப்பா வந்தாரு, அவரும் நின்னுட்டாரு. ரெண்டு பேருக்கும் அம்மாகிட்ட திட்டு.

பஜ்ஜிக்கு வந்தவன்:

மல்லி சிஸ், அந்தப் புடவை விஷயம் படிச்சதுலேந்து மனசுல நிக்குது, இத்தன வருஷம் மேடைக்கு முன்னாடி மட்டும்தான் பாத்துருக்கேன். நாலு கம்பி ப்ரோ, அடுத்து எப்ப வாசிக்கிறீங்க சொல்லுங்க, கூட்டத்த ஒம்பதேகாலுக்கு முன்னாடியே கூட்டியாறேன்.

வியாசை தல, எனக்கு ஒரே ஒரு ஆசை, கானாவ மேடைல பாத்தாச்சு, அது பொறந்த எடத்துல ஒரு தடவ கேக்கணும். கேக்குறதே தப்பா இருந்தா மன்னிச்சுருங்க.

வியாசை பையன்:

தப்பு இல்ல ப்ரோ. வர ஞாயித்துக்கிழம எங்க பின்தெருவுல ஒரு தாத்தாவுக்கு பதினாறாம் நாளு, நைட்டு கச்சேரி கீது. கல்யாண சாவு, 91 வயசு. இன்பாக்ஸ்ல வா, வழி சொல்றேன். சாப்ட்டு வராத, அங்க சாப்டலன்னா கோச்சுப்பாங்க. ஃபோன தூக்கி வீடியோ புடிக்காத.

பஜ்ஜிக்கு வந்தவன்:

புடிக்க மாட்டேன் தல. தாத்தா பேரு என்ன?

வியாசை பையன்:

அத நைட்டு பாட்டுல கேட்டுக்கோ.