'ஹாப்பி டு சீ'யா, 'ஹாப்பி டு சா'வா? கானாடுகாத்தானில் கேட்டவை

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளைச் சுற்றிக் காட்டும் தம்பிகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பர்மா தேக்குத் தூண், முற்றம், வளவு எல்லாவற்றையும் கடகடவென்று விளக்கிவிடுவார்கள். சந்தோஷம், பயம், ஆச்சரியம் என்று வந்துவிட்டால்தான் வாக்கியம் தடுமாறும்.

அடிக்கடி காதில் விழுவது, 'ஐ வாஸ் ஹாப்பி டு மெட் யூ', 'தே வேர் சர்ப்ரைஸ்டு டு சா தி ஹவுஸ்'. நடந்து முடிந்த விஷயம்தானே என்று இரண்டு வினையையும் இறந்த காலத்தில் போட்டுவிடுகிறார்கள். காலத்தை 'வாஸ்', 'வேர்' சொல்லியாயிற்று. இந்த 'டு'வுக்குப் பின்னால் வருவது என்றைக்கும் 'மீட்', 'சீ' தான்.

"அப்ப 'லுக்கிங் ஃபார்வர்டு டு சீயிங் யூ'ன்னு மெயில்ல எழுதுறாங்களே, அது எப்படிக்கா?" என்று ஒரு தம்பி கேட்டான். அருமையான கேள்வி. அந்த 'டு' பிரிபொசிஷன், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் வகை. அதனால் 'சீயிங்' வருகிறது. 'ஹாப்பி டு' அந்த வகையில்லை. இரண்டையும் குழப்பித்தான் பலர் 'ஹாப்பி டு சீயிங் யூ' என்கிறார்கள்.

இன்னொன்று, ஆள் மாறும் இடம். வந்தவர் விருந்தாளி, சந்தோஷம் நமக்கு. இதை 'ஐ ஆம் ஹாப்பி டு யூ கேம்' என்று சொல்ல முடியாது. சந்தோஷப்படுகிறவரே பார்க்கவும் செய்தால் 'ஹாப்பி டு சீ'. ஆள் வேறு என்றால் 'ஐ ஆம் ஹாப்பி தட் யூ கேம்'.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'அஃப்ரெய்டு'. மாடிக்குப் போகும் குறுகலான படி ஏற ஒரு வயதான அம்மா தயங்கினார். ஏறப் பயம் என்றால் 'அஃப்ரெய்டு டு க்ளைம்ப்'. விழுந்துவிடுவோமோ என்ற பயம் 'அஃப்ரெய்டு ஆஃப் ஃபாலிங்'. விழுவது நாமாகச் செய்கிற காரியம் இல்லையே, அதனால் அங்கே 'டு ஃபால்' ஒட்டாது. இந்த வித்தியாசம் பிடிபட்டதும் தம்பிகள் முகத்தில் ஒரு தெளிச்சி வரும், அதைப் பார்க்கத்தான் போகிறேன்.

உங்களுக்குக் கேட்டதையும் எழுதுங்கள்.

— — —

அக்கா, ஆத்தங்குடியில் கல், அதாவது தரை டைல்ஸ், போடும் பட்டறை எங்களுடையது. கண்ணாடி மேல் அச்சு வைத்து வண்ணம் ஊற்றுவதைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் சுற்றி நிற்பார்கள். என் மகள் ஆசையாக, 'தே ஆர் எக்ஸைட்டிங் டு சீ' என்றாள். வாக்கியத்தில் இலக்கணப் பிழையே இல்லை, ஆனால் வந்தவர்களைப் பார்த்தால் நமக்குப் பரவசம் என்று அர்த்தம் மாறிவிட்டது. கூட வந்த கைடு தம்பி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்: பரவசம் அவர்களுக்கு என்றால் 'எக்ஸைட்டட் டு சீ'.