பிளெண்டரில் களிமண் பொம்மை: விரல் பட்ட இடம் மட்டும் மாற வேண்டும், உதவுங்கள்

வணக்கம். களிமண் பொம்மையைக் கையால் நகர்த்தி எடுத்ததுபோல் ஒரு குறும்படத்தை பிளெண்டர் 4.2 என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் செய்கிறேன். நொடிக்கு 24 ஃபிரேம், இரண்டு ஃபிரேமுக்கு ஒரு நிலை. கான்ஸ்டன்ட் இன்டர்போலேஷன் (ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு வழுக்காமல் சட்டென மாறுவது) வைத்து, மோஷன் பிளரை (அசைவில் வரும் மங்கல்) அணைத்ததும் அசைவு அருமையாக வந்துவிட்டது.

சிக்கல் மேற்பரப்பில்தான். கைரேகைப் பள்ளங்களுக்கு நாய்ஸ் டெக்ஸ்சர் (ஒழுங்கில்லாத புள்ளி வடிவம்) கொடுத்து, இரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறை மாறும்படி டிரைவர் (மதிப்பைத் தானாக மாற்றும் சூத்திரம்) போட்டிருக்கிறேன். உடம்பு முழுக்க ஒரே சமயத்தில் துடிக்கிறது. நிஜக் களிமண்ணில் அப்படி இல்லையே! கையை நகர்த்தினால் தோளும் முழங்கையும்தான் நசுங்கும், வயிறு அப்படியே இருக்கும். மனிதக் கை பட்டது தெரிவதே அதில்தான். அந்த உணர்வைக் கைவிட மனமில்லை.

பொம்மையை அசைக்கும் உள் எலும்பு நகர்ந்த பகுதியில் மட்டும் நாய்ஸ் மாற, ஜியோமெட்ரி நோட்ஸின் (கட்டங்களை இணைத்து வடிவத்தை மாற்றும் முறை) சிமுலேஷன் ஸோன், அதாவது முந்தைய ஃபிரேமின் நிலையை வைத்து அடுத்ததைக் கணக்கிடும் வசதி, சரிப்படுமா? இல்லை, வெயிட் பெயின்ட் (எந்தப் பகுதியில் எவ்வளவு விளைவு என்று மேற்பரப்பில் தீட்டிக் குறிப்பது) செய்து பகுதி பகுதியாகப் பிரிப்பது எளிதா? செய்து பார்த்தவர்கள் நோட் அமைப்பின் படத்தோடு சொன்னால் பெரிய உதவி.