மின்தடை அளக்கும் ஃபோர் புரோப் கருவி எந்தக் கல்லூரியில் இருக்கிறது?

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். எம்.எஸ்சி. வேதியியல் கடைசி செமஸ்டர். பாலிஅனிலின் என்ற மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கை வைத்து அமோனியா சென்சார் செய்கிறேன். எங்கள் பக்கம் கறவை மாடு வளர்ப்பவர்கள் நிறைய. தொழுவக் காற்றில் உள்ள அமோனியாவை மலிவாக அளக்க ஒரு வழி கிடைக்க வேண்டும் என்று ரொம்ப ஆசை.

பிளாஸ்டிக்கிலும் மின்சாரம் ஓடும் என்று காட்டியதற்காக ஹீகர், மெக்டையார்மிட், ஷிரகாவா மூவருக்கும் 2000-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட பாலிஅசிட்டிலீன் காற்றுப் பட்டால் கெட்டுவிடும். பாலிஅனிலின் தாங்கும், செலவும் குறைவு. அனிலினை அமிலத்தில் கரைத்து, ஐஸில் வைத்து, அமோனியம் பெர்சல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கரைசல் கரும்பச்சையாகும்போது உள்ளே போட்ட ஓஎச்பி ஷீட்டிலும் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) பச்சைப் படலம் பிடித்துவிடும். அமோனியா பாட்டிலைத் திறந்து பக்கத்தில் காட்டினால் பச்சை நீலமாகும், மின்தடை ஏறும். படலத்திலுள்ள புரோட்டானை அமோனியா பறித்துக்கொள்வதுதான் காரணம்.

சிக்கல் ஈரப்பதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழைக்காற்று வந்தாலே, அமோனியா இல்லாமலும் மின்தடை மாறுகிறது. மூடிய டப்பாவில் செறிவூட்டிய உப்புக் கரைசல் வைத்தால் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். அதை நானே பார்த்துக்கொள்வேன். மல்டிமீட்டரில்தான் முனைகள் தொடும் இடத்துத் தடையும் சேர்ந்து வந்துவிடுகிறது. ஃபோர் புரோப்பில் இரண்டு முனைகள் மின்சாரம் அனுப்பும், வேறு இரண்டு மின்னழுத்தத்தை அளக்கும்; அதனால் அந்தத் தடை சேராது.

பாலக்காடு, பொள்ளாச்சி, கோவைப் பக்கம் ஃபோர் புரோப் கருவி உள்ள கல்லூரி தெரிந்தால் சொல்லுங்கள். யாரிடம் அனுமதி கேட்பது, கட்டணம் எவ்வளவு? வழிகாட்டி ஆசிரியரின் கடிதத்தோடு வருவேன். படலத்தின் மேல் ஏதாவது பூசி ஈரத்தைத் தடுத்துப் பார்த்த அண்ணன், அக்கா யாராவது இருந்தால் அதையும் கமெண்டில் எழுதுங்கள்.