ஏத்தர் பங்கைப் பத்து வருஷம் வைத்திருக்கலாமா?

கேள்வி: மின்சார ஸ்கூட்டர் கம்பெனி ஏத்தரின் 2025 ஐபிஓவில் (முதல் பொதுப் பங்கு வெளியீட்டில்) 321 ரூபாய் விலையில் ஒரு லாட், 46 பங்குகள் கிடைத்தன. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளின் கல்லூரிச் செலவுக்கு என்று நினைத்திருக்கிறேன். 2024-25இல் கம்பெனிக்கு நஷ்டம் என்கிறார் மாமனார். இரவில் அதே யோசனை.

ஓசூர்வாசி: வண்டி நல்ல வண்டிதான். பங்கு வேறு கதை. இதே ஊரில் டிவிஎஸ், பெட்ரோல் வண்டி லாபத்தை வைத்துக்கொண்டு ஐக்யூப் மின்சார ஸ்கூட்டரை விற்கிறது. ஏத்தருக்குக் கைகொடுக்க அப்படி ஒன்றும் இல்லை. 2023 ஜூனில், மின்சார வண்டிகளுக்கு மத்திய அரசு தந்த ஃபேம் மானியத்தின் உச்சவரம்பு வண்டி விலையில் 40 சதவீதத்திலிருந்து 15 ஆனதை மறக்காதீர்கள்.

பழைய முதலீட்டாளர்: காலாண்டு முடிவு வந்ததும், ஒரு வண்டிக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். தினசரி விலையைப் பார்த்தால் தூக்கம்தான் போகும்.

கேட்டவர்: சரி அண்ணே. பாதியை, 23 பங்குகளை விற்றுவிடுகிறேன். மாமனாரிடம் மட்டும் சொல்லப்போவதில்லை.