சைக்கிள் போச்சு, கிளிப்பில் முதுகு மட்டும்: வயர்லெஸ் கேமரா வைத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

முடிச்சூர் மாடிவீடு

போன மாதம் வாசலில் நிறுத்தியிருந்த பையனின் சைக்கிள் திருட்டுப் போனது. கேட்டைப் பார்த்தபடியே பேட்டரி கேமரா இருக்கிறது, தீபாவளித் தள்ளுபடியில் வாங்கியது. ஆசையாக ஆப்பைத் திறந்தால் 11 விநாடி கிளிப். அது தொடங்கும்போதே ஆள் சைக்கிளோடு கேட்டைத் தாண்டிவிட்டார். கட்டம் போட்ட சட்டையின் முதுகு, பின்சக்கர ரிஃப்ளெக்டரில் ஒரு மின்னல், அவ்வளவுதான். திருடனுக்கு என்ன 'விட்டார்' என்று பக்கத்தில் இருந்து மனைவி கேட்கிறாள். சரி, தாண்டிவிட்டான்.

பேட்டரி கேமரா பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும், உடல் சூட்டை உணரும் சென்சார் தட்டி எழுப்பினால்தான் ரெக்கார்டிங் தொடங்கும், அதற்கு ஓரிரு விநாடி பிடிக்கும் என்பதெல்லாம் சைக்கிள் போன பிறகு படித்தது. குறுக்கே நடப்பவரைச் சட்டென்று பிடிக்கிற அந்த சென்சார், நேராக வருகிறவரிடம் தடுமாறுமாம். என் கேட் கேமராவுக்கு நேரெதிரே. போதாக்குறைக்கு நம் ஊர் வெயிலில் சுவரும் தரையும் மனித உடம்பளவு சூடாகிவிட்டால் அதற்கு ஆள் எது, சுவர் எது என்பதே மங்கிவிடும்.

மாற்றப்போகிறேன். கேட், பக்கத்துச் சந்து, பின்பக்கத் துவைகல், மொட்டைமாடிப் படி என நாலு இடம். ரவுட்டர் முதல் மாடி ஹாலில். 15,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். லிங்க் போடாதீர்கள், உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்.

திருச்சி கேபிள்காரன்

அண்ணே, 12 வருசமா இதே வேலை. பேட்டரி கேமராவ விட்டா, வயர்லெஸ்ன்னா படம் போறதுக்குத்தான் வயர் வேணாம், கரண்டுக்கு வேணும். இது தெரியாம ஆன்லைன்ல வாங்கிட்டு, "தம்பி, வாசல்ல பிளக் பாயிண்ட் இல்லையே"ன்னு கூப்பிடுறவங்க வாரத்துக்கு நாலு பேர். உங்க கேட்டுக்குப் பேட்டரி கேமரா சரிப்படாது. பாயிண்ட் இழுத்து, எந்நேரமும் ரெக்கார்ட் ஆகுற மாதிரி வைங்க. ரவுட்டரையும் அதையும் இன்வெர்ட்டர் லைன்ல குடுத்துடுங்க. கரண்ட் போற நேரம் திருடனுக்கும் தெரியும்.

போன வருசம் உறையூர்ல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீடு. "மோட்டார் போட்டா மாடி கேமரா போயிடுது, வோல்டேஜ் பிரச்சனை"ன்னார். ஸ்டெபிலைசரே வாங்கி வெச்சிட்டார். நானும் ரெண்டு தடவை போய் அடாப்டர் மாத்திட்டு வந்தேன். மூணாவது தடவை ஒண்ணும் ஓடாம மொட்டைமாடில சும்மா உக்காந்திருந்தேன். தொட்டி ரொம்பி வழிய ஆரம்பிச்சுது, கேமரா ஆஃப்லைன்! திரும்பிப் பாத்தா ரவுட்டருக்கும் கேமராவுக்கும் நட்டநடுவுல 1,000 லிட்டர் தண்ணித் தொட்டி. வைஃபை சிக்னலைத் தண்ணி குடிச்சிரும். தொட்டி காலியா இருக்கறப்ப படம் வருது, ரொம்பினா வரல. கேமராவ நாலடி தள்ளி மாட்டினேன், முடிஞ்சுது. அந்த ஸ்டெபிலைசர் இப்ப அவங்க ஃப்ரிட்ஜுக்கு ஓடுது.

அதனால வாங்குறதுக்கு முன்னாடி, கேமரா மாட்டப்போற எடத்துல ஸ்டூல் போட்டு ஏறி, கேட்டைச் சாத்திட்டு, வீட்டு வைஃபைலயே பத்து நிமிசம் வீடியோ கால் பேசுங்க. சிக்னல் பாக்குற ஆப்ல நம்பர் மைனஸ்லதான் வரும், மைனஸ விட்டுட்டுப் பாருங்க. 65 இல்ல அதவிடச் சின்ன நம்பர் வந்தா நிம்மதி. 75ஐத் தாண்டிப் போனா அந்த எடத்துல எந்தக் கேமராவும் உருப்படாது. வைஃபைல 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசை, பாதிக்கு மேல கேமரா 2.4லதான் ஓடும், அதையே செக் பண்ணுங்க. சுவரைத் தாண்டுறதுல 5-ஐ விட அது கெட்டி.

உயரம் எட்டு, ஒம்பது அடி போதும். பன்னெண்டு அடில மாட்டினா வந்தவனுக்கு வழுக்கை இருக்கா இல்லையான்னுதான் தெரியும். 2.8 எம்.எம். லென்ஸ் தெருவையே அகலமாக் காட்டும், ஆனா இருபதடி தள்ளி நிக்கிறவன் மூஞ்சி பொட்டு மாதிரி ஆயிடும். கேட்டுக்கு 4 எம்.எம். கேளுங்க.

துபாய் நைட் ஷிப்ட்

கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா மட்டும். லீவில் வந்தபோது ஹாலில் ஒன்று, சமையற்கட்டு வாசலில் ஒன்று வைத்துவிட்டு வந்தேன். பேசவும் கேட்கவும் வசதி உள்ளது. முதல் வாரமே ஒரு ராத்திரி, "அம்மா, மாத்திரை போட்டாச்சா?" என்று அதில் கேட்டுவிட்டேன். ஆளில்லாத ஹாலில் மகன் குரல். கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டுவிட்டாள்.

மறுநாள் ஆப்பைத் திறந்தால் சிவப்பும் பச்சையுமாகக் கோடு. கேமரா பழுதென்று நினைத்தேன். கேமரா மேல் அப்பாவின் துண்டு! அம்மாவுக்குப் போன் போட்டேன். "வீட்டுக்குள்ள நான் சேலையை இழுத்துவிடறதக்கூட நீ பாத்துக்கிட்டு இருக்கணுமாடா?" என்றாள். அவளைக் கேட்காமலே மாட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அக்கா பையன் போய் இரண்டையும் கழற்றி, ஒன்றைத் திண்ணையிலும் ஒன்றைக் கொல்லைக் கதவுக்கும் மாற்றினான். இப்போது காலையில் கோலம் போட்டு முடித்ததும், எனக்குத் தெரியட்டும் என்று கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறாள்.

பொள்ளாச்சித் தோப்பு

நம்முளுது வீட்டுக் கேமரா இல்லீங்க, தோப்புல இருக்கற சாளை வீட்டுக்கு. கெணத்து மோட்டார் வயரை ரெண்டு தடவை அறுத்துட்டுப் போயிட்டானுங்க, உள்ளிருக்கற செம்புக்காக. கரண்டும் நிக்காது, வைஃபையும் இல்லை. அதனால சிம் போடற சோலார் கேமரா. மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணோணும், அது தனிச் செலவுங்க.

பெரிய தொந்தரவு மயிலு. ஒரு நாளைக்கு அறுவது, எழுவது அலர்ட்டு, அத்தனையும் மயிலு. சோலார் பலகை மேலயே ஏறி உக்காந்து எச்சம் போட்டு வெச்சிருது. ஆளுக்கு மட்டும் அலர்ட்டுன்னு செட்டிங்க மாத்துன பொறவு பரவால்லைங்க. ராத்திரில இன்னொண்ணு, லென்சுக்கு முன்னால சிலந்தி வலை கட்டிருது. இருட்டுல பாக்கறதுக்கான லைட்டு வலை மேல பட்டு, திரை பூரா வெள்ளை. வாரம் ஒருக்கா தொடைக்கோணும். ஐப்பசி மழைல நாலு நாள் வெயிலே இல்லாம பேட்டரி 9 சதவீதத்துக்கு வந்துருச்சு. மழைக்காலத்த நினைச்சுப் பெரிய பலகையா வாங்குங்க.

தூத்துக்குடி உப்புக்காத்து

எங்க தெருவுல ஒரு அக்கா செயினைப் பறிச்சிட்டுப் போயிட்டானுவ. காலை 9.40 இருக்கும். எங்க கேமரா தெருவைப் பாக்குதுன்னு போலீஸ் வந்தாங்க. பெருமையா லேப்டாப்பத் திறந்தேன். லைவ் நல்லா ஓடுது, பின்னாடி போனா ஒண்ணுமில்லை. மெமரி கார்டு எப்பவோ செத்துப்போச்சு! லைவ்தான் வருதுல்லான்னு பழைய பதிவை ஒரு நாளும் நான் திறந்து பாக்கலை. ஓயாம எழுதி எழுதி அழிக்கிற வேலைக்குச் சாதா கார்டு தாங்காது, கேமராவுக்குன்னே நீடிச்சு உழைக்கிற கார்டு தனியா இருக்கு. கணக்கும் போட்டுக்கோங்க. விநாடிக்கு 2 மெகாபிட் (எம்.பி.பி.எஸ்.) வேகத்துல ஓயாம ஓடினா நாளுக்கு 21 ஜி.பி.க்கு மேல. 128 ஜி.பி. கார்டுல ஆறு நாள்கூட நிக்காது.

எதுத்த வீட்டு கேமராவுல பதிவு கிடைச்சுது. ஆனா அந்தப் படத்துல நேரம் 4.10ன்னு இருக்கு, வெளியில பகல் வெளிச்சம்! இந்திய நேரம் வைக்காம விட்டதால அஞ்சரை மணி நேரம் பின்தங்கி ஓடியிருக்கு. அதை எழுத்துல விளக்க வேண்டியதாப் போச்சு. கேஸ் கோர்ட்டுக்குப் போனா இந்த மாதிரிப் பதிவுக்குச் சான்றிதழும் வேணும். முன்னாடி சாட்சியச் சட்டம் 65பி, 2024 ஜூலைலேருந்து பாரதிய சாக்ஷிய அதிநியமத்துல 63-ஆம் பிரிவு. நேரம் சரியா இருந்தா பாதி தலைவலி கிடையாது.

கடலோரம்னா இன்னொண்ணு. ஐபி66ங்கிற தரக்குறி போட்டிருந்தா தூசிக்கும் தண்ணிக்கும்தான் காவல். உப்புக்காத்து கனெக்டரைத் தின்னுடும். ரெண்டு வருசத்துல பச்சை பூத்துருச்சு.

பாஸ்வேர்டு மாத்துப்பா

சுருக்கமாக. 2016-இல் மிராய் என்ற தீய நிரல் உலகம் முழுக்க கேமராக்களையும், பதிவு செய்யும் டி.வி.ஆர். பெட்டிகளையும் பிடித்து இணையத்தையே திணறடித்தது. பூட்டை உடைக்கவில்லை, கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான். பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவிக்குப் பாதுகாப்புச் சோதனை இந்தியாவில் கட்டாயம், பெட்டியில் இந்தியத் தரநிர்ணய அமைப்பின் (பி.ஐ.எஸ்.) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் தெரியாத மலிவுச் சரக்கு இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஃபிளாட் 3பி

எதிர்வீட்டு வாசல் தெரிகிற மாதிரி மாட்டி, ஆறு மாதம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தோம். அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைக்கிற வசதி ஆப்பிலேயே இருந்திருக்கிறது. மறைத்து, அவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் வந்தது.

முடிச்சூர் மாடிவீடு

எல்லாருக்கும் நன்றி. ஸ்டூல் போட்டு வீடியோ கால் பேசினேன், எதிர்வீட்டுத் தாத்தா என்ன விசேஷம் என்று விசாரித்தார். கேட்டில் மைனஸ் 61, துவைகல்லில் மைனஸ் 79. துவைகல்லை இப்போதைக்கு விட்டுவிட்டேன், அங்கே திருட வாளிதான் இருக்கிறது. கேட்டுக்கும் சந்துக்கும் பிளக் கேமரா, இரண்டும் இன்வெர்ட்டரில். பழைய பேட்டரி கேமரா மொட்டைமாடிப் படிக்குப் போய்விட்டது. அங்கே குறுக்கேதான் நடக்க முடியும் என்பதால் ஒழுங்காக விழித்துக்கொள்கிறது. எலெக்ட்ரீஷியன் கூலியோடு 9,400 ரூபாய்.

நேற்று காலை 5.12-க்கு கேட் கேமராவில் முதல் அலர்ட். பால் பாக்கெட் போடுகிற தம்பி. முகம், மீசை, காதில் மாட்டியிருந்த ஹெட்செட் வரை தெளிவாக இருக்கிறது. பாக்கெட்டை வைத்துவிட்டு மேலே கேமராவைப் பார்த்தான், தலையைக் கோதிக்கொண்டான், போய்விட்டான்.